முறக்கோயிலின் கிழக்கு மூலை

பிரசங்கத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. சாமி மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது எனக்கு. பிரசங்கம் கால் மணி, அப்புறம் காணிக்கை, எழுந்தேற்றம், நன்மை எல்லாம் சேர்த்து அரை மணி, அதன் பிறகு அறிவிப்பு. அறிவிப்பில்தான் கை தூக்கச் சொல்லப் போகிறார்கள். வழக்கமாக ஊர்க்கூட்டம் என்றால் பூசை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நடக்கும், பாதிப் பேர் அதற்குள் மீன் வாங்கப் போய்விடுவார்கள். இந்தத் தடவை ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டான் என் கொழுந்தன் ஏரோணிமூஸ். ஆசீர்வாதம் வாங்காமல் எவன் எழுந்து போவான்? பங்குப் பேரவைத் துணைத் தலைவர் என்றால் சும்மாவா. முதல் பெஞ்சில் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறான், மடியில் தீர்மானத்தின் நகல். இந்தக் கோயிலை இடித்துவிட்டுப் புதுக் கோயில் கட்டச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று வாசிப்பார்கள். முத்தந்துறை ஊரே கை தூக்கும். அப்போது நான் எழுந்து நிற்க வேண்டும். நின்று நாலு வாக்கியம் சொல்ல வேண்டும். கோயிலை இடிக்க வேண்டாம். கிழக்கு மூலையில் மாதா சிலை இருக்கிற கெபியை இடியுங்கள். அந்தக் கெபியைக் கட்டும்போது கூரைத் தண்ணீர் வெளியே போகிற தூம்பை அடைத்துவிட்டோம். அடைக்கச் சொன்னது நான்தான். அவ்வளவுதான். காலையில் பல் துலக்கும்போது சொல்லிப் பார்த்தேன், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பொனிப்பாஸ் மச்சாதுவின் பெண்சாதி ஸ்கொலஸ்திகா என்று என்னை அறியாதவர்கள் இங்கே கிடையாது, ஆக யார் பேசுகிறார்கள் என்று ஒருவரும் கழுத்தை வளைக்கத் தேவையில்லை. கழுத்தை வளைத்தாலும் மறைக்க இங்கே ஒரு தூணும் இல்லை.

தூண் இல்லாத கோயில். பொனிப்பாஸ் சொல்வார், மற்ற ஊரில் எல்லாம் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரசங்கத்தில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம், நம்ம ஊரில்தான் அந்தக் கொடுப்பினை இல்லை என்று. தலைக்கு மேலே ஒரே வீச்சில் கூரை, மூன்று அங்குல கனம் காங்கிரீட், இரண்டு மூலை வானத்தைப் பார்க்கத் தூக்கியும் இரண்டு மூலை தரையைப் பார்க்க இறங்கியும், முறத்தைப் புடைக்கும்போது வளைத்துப் பிடிப்போமே அதுபோல. அதனால் முறக்கோயில். பஸ்ஸில் கண்டக்டர்கூட முறக்கோயில் இறங்கு என்றுதான் கூவுவான், திருக்குடும்பக் கோயில் என்ற பேர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு இந்தக் கோயில்மேல் அப்படியொன்றும் கொள்ளைப் பிரியம் கிடையாது. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழசை நினைத்துக் கிழவி உருகுகிறாள் என்பார்கள். சித்திரையில் உள்ளே உட்கார்ந்தால் வேர்த்து ஊற்றும். ஒருவர் தும்மினால் நாலு பேர் தும்மின மாதிரிக் கேட்கும். என் கல்யாணத்தன்று இப்படியொரு கோயிலிலா தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்று அழுதிருக்கிறேன், தூத்துக்குடிக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் இருக்க எனக்கு மட்டும் ஒரு முறம். இப்போதும் அந்த மதுரைக் காலேஜ் மேடம், தமயந்தி, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, இது சாதாரணக் கட்டடம் இல்லை, அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இப்படி ஒரு கூரை போட ஒருத்தருக்கும் தைரியம் இருந்ததில்லை, இது பாரம்பரியச் சின்னம் என்று கண்ணை விரித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஏரோணி நேராகவே சிரித்துவிட்டான். "பாரம்பரியமா? பஸ் ஸ்டாண்டு மாதிரில்லா இருக்கு. அம்பது அறுவது வயசானா எல்லாமே பாரம்பரியம்னா என்னையும் சேத்து எழுதிக்கிடுங்க மேடம்." அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. வரைபடம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. அதைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் இப்போது பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சாமி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்? கானாவூர்க் கல்யாணம். தண்ணீர் திராட்சை ரசமானது. தண்ணீர் என்ற சொல் வந்ததும் நிமிர்ந்து உட்காருகிறேன். எனக்காகத்தான் சொல்கிறாரோ. இல்லை, இந்த ஞாயிற்றுக்கு இதுதான் வாசகம், பூசைப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது, அவர் என்ன செய்வார். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. வாசற்பக்கம் பார்க்கிறார், பாடற்குழுவைப் பார்க்கிறார், மேலே ஈரம் கோத்துப் பச்சையாகிவிட்ட கூரையைக்கூட ஒருமுறை பார்த்தார், ஆறாவது பெஞ்சில் ஓரமாக இருக்கிற என்னைத் தாண்டிப் போகிறார். பாவம் மனுஷன். அவர் வாயை நானே அல்லவா பூட்டினேன். நேற்றுச் சாயந்திரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேனே, அது என்ன புத்தி. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீஸில் கட்டட வரைபடம் வரைந்தவள், கோடு எங்கே போய் முட்டும் என்று பார்த்துத்தான் பென்சிலை வைப்பேன், இந்தக் கோட்டை மட்டும் பார்க்காமல் இழுத்துவிட்டேன். என் கணக்கு என்னவென்றால், சாமியிடம் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் மெதுவாகச் சொல்லிவிடுவது, அவர் நாலு பேரைக் கூப்பிட்டு அந்தத் தூம்பைப் பார்க்கச் சொல்வார், கெபி தானாக இடிபடும், கோயில் பிழைக்கும், என் பேர் வெளியே வராது. பாவமும் தீரும் வேலையும் முடியும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய். முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமி, "இதைப் போயி இங்க வந்து சொல்லிட்டீங்களேம்மா" என்றார். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. "இந்தக் கூண்டுக்குள்ள கேட்டத நான் வெளிய எடுத்துட்டுப் போக முடியாதும்மா. அந்தக் கெபிப் பக்கம் போயிப் பாருங்கன்னு ஒருத்தர்ட்ட கை காட்டக்கூட எனக்கு அனுமதி கிடையாது. நேத்து வரைக்கும் நானாவே சந்தேகப்பட்டு அங்க போயிப் பாத்திருக்கலாம். இனிமே அதுவும் முடியாது." ஞானஸ்நானம் வாங்கி அறுபது வருஷமாகிறது, ஏழாம் வகுப்பில் ஞானோபதேசப் பரீட்சையில் முதல் பரிசு வாங்கினவள், கூண்டில் சொன்னது கூண்டோடு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியும். தெரிந்துதான் போனேனோ என்னவோ. "வெளிய வராந்தாவில நிக்கேன், அங்க வந்து இன்னொரு தடவ சாதாரணமாச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்" என்றார். ஒரு பரலோக மந்திரம் அபராதம் கொடுத்தார். வெளியே வந்தேன். வராந்தாவில் ஏரோணி புதுக்கோயில் படம் போட்ட ஃபிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தான், "என்ன மைனி, பெரிய பாவமோ, இவ்வளவு நேரம்?" என்று சிரித்தான். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பாவம் போய்விட்டது. தூம்பு அடைத்தபடியேதான் இருக்கிறது.

எழுந்து நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன். விசுவாசப் பிரமாணம் வாய் தானாகச் சொல்கிறது. பக்கத்தில் என் சின்ன வயதுத் தோழி கித்தேரி பெஞ்சுமுனையை இடது கையால் பிடித்து எழுகிறாள், வலது கை கழுத்துத் தூளியில் தொங்குகிறது. நான் முழங்கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். நல்ல கனம் அவள், சின்ன வயதிலிருந்தே. நாற்பது நாளைக்கு முன்னால், அந்தப் பெருமழை ஞாயிற்றுக்கிழமை, கிழக்குப் பக்கம் கூரைப் பூச்சு ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து அவள் தோளில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தலை. பூசை நின்றுவிட்டது, அவள் அலறவில்லை, யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே சரிந்தாள். எலும்பில் விரிசல். அன்றோடு கோயிலின் கதை முடிந்தது. பிஷப் மேற்றிராணியார் வீட்டிலிருந்து எஞ்சினியர் வந்தார், தண்ணீர் தேங்கிக் கம்பி துருப்பிடித்திருக்கிறது, இனி உத்தரவாதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. பழைய கட்டடம், ஒழுகும், யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "கை தூக்கச் சொன்னா எனக்கும் சேத்து நீ தூக்கிருட்டீ" என்று கித்தேரி வாசலிலேயே சொல்லிவிட்டாள், "இந்தக் கூரைக்கு அடியில இருக்கது எமனுக்குப் பக்கத்தில இருக்க மாதிரி இருக்கு." சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி. ஆபீஸிலும் அப்படித்தான், எஞ்சினியர் தப்பாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுச் சரியாக வரைந்து கொண்டுபோய் வைப்பேன், அவரே வரைந்ததுபோல் கையெழுத்துப் போடுவார். அந்தச் சாமர்த்தியம் இங்கே செல்லாது. இங்கே வாயைத் திறந்தாக வேண்டும்.

வரைபடம். ஆமாம், அங்கேதான் ஆரம்பம், பத்து நாளாகிறது. பீடத்துக்குப் பின்னால் சக்ரீஸ்து அறையில், பீரோவின் அடித்தட்டில் பழைய பூசை உடுப்புகளுக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தார்கள். எனக்குத்தான் படம் வாசிக்கத் தெரியும் என்று சாமி என்னிடம் கொடுத்தனுப்பினார். சாப்பாட்டு மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தேன். நீலக் காகிதம், வெள்ளைக் கோடு, மடிப்பில் கிழிந்திருந்தது. எவனோ நல்ல கைக்காரன் வரைந்திருக்கிறான், எழுத்து ஒவ்வொன்றும் அரிசி கோத்த மாதிரி. முதலில் அந்தக் கையைத்தான் ரசித்தேன், பாருங்கள் என் புத்தியை. பிறகு கூரைமேல் சின்னச் சின்ன அம்புக்குறிகளைப் பார்த்தேன். தண்ணீர் ஓடுகிற வாட்டம். பாதி அம்புகள் மேற்கு மூலைக்கு ஓடின, பாதி கிழக்கு மூலைக்கு. இரண்டு மூலையிலும் ஒரு தூம்பு, ஒன்பது அங்குலம், அதன் கீழே தரையில் கூழாங்கல் போட்ட ஒரு தொட்டி. மேற்குத் தொட்டி இன்றும் இருக்கிறது, பிள்ளைகள் அதில்தான் கால் கழுவும். கிழக்கே என் விரலை வைத்தேன். தொட்டி இல்லை. தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் பொனிப்பாஸ் நினைவாக நான் கட்டின கெபி இருக்கிறது. விரலை எடுக்கவே முடியவில்லை, பசை போட்ட மாதிரி அங்கேயே ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் கொத்தனார் சத்தம் காதில் வந்தது, பதினொரு வருஷத்துக்கு முந்தின சத்தம், "அக்கா, இந்தத் தூம்புத் தண்ணி நேரா மாதா தலையிலல்லா விழும்? காக்கா எச்சமும் சருகுமா வருமே, என்ன செய்ய?" நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை. மாதா தலையில் அழுக்குத் தண்ணீர் விழலாமா. "அடச்சிருங்க" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. இரண்டு சட்டிக் கலவையை அள்ளி அப்பினார், கரண்டியால் இழுத்து வழவழப்பாக்கினார், சுண்ணாம்பு அடித்தார், தூம்பு இருந்த சுவடே இல்லை. இனி அதைத் திறந்தாலும் தண்ணீர் விழ வேண்டிய இடம் கெபிக்கு அடியில் கிடக்கிறது, கெபியை எடுக்காமல் வழியில்லை. நான் போட்ட வரைபடங்களில் எத்தனை ஆயிரம் தூம்பு வரைந்திருப்பேன், பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீஸுக்கு. ஊருக்கெல்லாம் தண்ணீர் போக வழி வைத்தவள் என் கோயிலுக்கு மட்டும் அடைத்தேன். பக்தியில் அடைத்தேன். அதைத்தான் நினைத்து நினைத்து மாய்கிறேன், கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது.

காணிக்கைப் பாட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தடவை பார்த்துவிட்டேன், வெறும் காகிதத்தை நம்பி இவ்வளவு பேசக்கூடாது என்று. கூரை அந்த மூலையில் ஆள் உயரத்துக்குத்தானே இறங்கியிருக்கிறது, சக்ரீஸ்து ஸ்டூலைப் போட்டு ஏறினேன், முழங்கால் இரண்டும் வேண்டாம் என்றுதான் சொன்னது. விளிம்புக்கு மேலே கையை விட்டேன். மழை நின்று பதினைந்து நாளாகிறது, முழங்கைவரைக்கும் தண்ணீர். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, அடியில் சருகு மக்கின சேறு. கையை எடுத்தபோது வந்த நாற்றம் இன்னும் இந்த விரல்களில் இருக்கிறது, இரண்டு நாளாக லைஃப்பாய் போட்டுத் தேய்த்தும். மோந்து பார்க்கிறேன். இல்லை, சோப்பு வாசனைதான் வருகிறது. இருந்தாலும் இருக்கிறது. பதினொரு வருஷம் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே நின்று கூரைக்குள் இறங்கியிருக்கிறது. கீழே மாதா முகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை, நீலக் கச்சையோடு பளிச்சென்று நிற்கிறாள், காலடியில் பளிங்குக் கல். பொனிப்பாஸ் மச்சாது நினைவாக, அன்பு மனைவி. அந்தக் கல்லைத்தான் என்னால் விட முடியவில்லை. வேறு எங்கே இருக்கிறது அவர் பேர்? எங்கள் கல்லறைத் தோட்டம் ஒரு முழத் துண்டு, ஏழு வருஷம் ஆனால் அதே குழியில் அடுத்த ஆளை வைத்துவிடுவார்கள், மண் சொந்தமில்லை என்று செத்தபிறகும் சொல்லிக் காட்டுகிற ஊர். அவர் மேலே இப்போது ஒரு ரொட்ரிகோ படுத்திருக்கிறார், முன்பின் பேசினதுகூடக் கிடையாது. பிள்ளையும் இல்லை எங்களுக்கு. துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினார், அந்தக் கிரேனையும் கழற்றி விற்றாகிவிட்டது. அந்தக் கல் போனால் பொனிப்பாஸ் மச்சாது என்று இந்தப் பூமியில் எழுதியிருக்கிற இடம் என் ரேஷன் கார்டு ஒன்றுதான், அதிலும் அடித்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமே. இவர்கள் கோயிலை இடிக்கட்டும், கெபியை ஒன்றும் செய்ய மாட்டார்கள், புதுக் கோயில் படத்தில்கூட ஓரத்தில் கெபியைக் காட்டியிருக்கிறான் ஏரோணி, அண்ணன்மேல் அவனுக்கு உயிர். இரண்டு கோபுரம், நூற்றிருபது அடி, பக்கத்தில் நம் கெபி. என் நினைவு பத்திரமாக இருக்கும். கூரைமேல் பழி இருக்கும். கூரை வாய் திறந்து சொல்லவா போகிறது, அடைத்தது அவள்தான் என்று.

எழுந்தேற்ற மணி, சாமி அப்பத்தை உயர்த்துகிறார். தலை குனிகிறேன். குனிந்தால் தரை தெரிகிறது, ஓட்டைக் கல் சுவர் வழியே வெயில் சதுரம் சதுரமாக விழுந்திருக்கிறது, கடல் காற்று சேலை ஓரத்தைத் தூக்குகிறது. இதே தரையில் எட்டு வயதில் தண்ணீர்ச் செம்போடு ஓடியிருக்கிறேன். தரைகூட இல்லை அப்போது, மணல். மேலே முழுக்கச் சாரம், பலகை, கம்பி. இந்தக் கூரையை ஒரே நாளில் போட்டாக வேண்டும், நடுவில் நிறுத்தினால் ஒட்டாது என்று, இந்தக் கோயிலைக் கட்டின லெயோன் சாமி சொல்லிவிட்டார். பெல்ஜியத்துக்காரர், தாடி மட்டும் சிவப்பு. மிஷின் கிடையாது. ஊரே நின்றது, காலைப் பூசை முடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை, கலக்குகிற இடத்திலிருந்து சாரத்து உச்சிவரை ஆணும் பெண்ணும் வரிசையாக, சட்டி கை மாறி கை மாறி மேலே போகும். கை தளராமல் இருக்க அர்ச்சிஷ்டவர்கள் பிரார்த்தனையைச் சொன்னார்கள். உபதேசியார் மேலிருந்து ஒரு புனிதர் பேரைச் சொல்வார், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று ஊர் சொல்லும், சொல்லும்போது ஒரு சட்டி கை மாறும். பேர் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. எத்தனை சுற்று வந்ததோ, அம்மா அன்றிரவு கையை மடக்க முடியாமல் என்னை ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிட்டாள். லெயோன் சாமி அன்று சாரத்தை விட்டு இறங்கவே இல்லை. சண்டைக் காலத்தில் அவர் ஊர்க் கோயிலில் குண்டு விழுந்ததாம், பயந்து உள்ளே ஒதுங்கியிருந்த ஜனத்தின்மேல் தூணும் கூரையும் சரிந்ததாம், அதில் அவருடைய தகப்பனாரும். அதனால்தான் தூணே வேண்டாம், கனமும் வேண்டாம், ஒரு துணியை விரித்துப் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்று இந்தக் கூரையைப் பிடிவாதமாகப் போட்டார் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். நல்லவேளை, அவர் செத்துப்போனார். இருந்திருந்தால் கித்தேரியின் தோளைப் பார்த்துவிட்டு எங்கே போய் முட்டிக்கொண்டிருப்பார். அவர் தப்பு ஒன்றுமே இல்லை. தண்ணீர் போக இரண்டு வழி வைத்துவிட்டுத்தான் போனார். கோபம் வருகிறது எனக்கு, யார்மேல் என்று தெரியவில்லை, என்மேல்தான். ஒரு மனுஷர் செத்தபிறகு அவர் வேலைமேல் பொய்ப்பழி விழுகிறது, நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏரோணி ஒன்றும் கெட்டவனில்லை. எஞ்சினியரும் கெட்டவரில்லை. இந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்து மௌனமாக இருக்கிற ஒரே ஆள் நான். சாமியைச் சேர்த்தால் இரண்டு, ஆனால் அவரைக் கட்டிப்போட்டதும் நான்.

நன்மை அப்பம் வாங்க வரிசை நகர்கிறது. போகலாமா? போகலாம், பாவசங்கீர்த்தனம் செய்தவள்தானே, சட்டப்படி என் ஆத்துமம் வெள்ளை. சட்டப்படி. கித்தேரியை முன்னால் விட்டுப் பின்னால் போகிறேன், அவள் பின்னங்கழுத்தில் குட்டிக்கூறாப் பவுடர். சாமி முன்னால் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் கையைத்தான் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை. இன்றைக்கு அறிவிப்பை வாசிக்க வேண்டியது அவர். தெரிந்ததைத் தெரியாதவராக, தன் வாயாலேயே இடிப்போமா என்று கேட்க வேண்டும், அத்தனை கையையும் எண்ண வேண்டும். நாற்பது வயதுகூட ஆகாத பிள்ளை. அவருக்கு இதைச் செய்தேனே. திரும்பி நடக்கும்போது கிழக்கு வாசல் வழியாகக் கெபி தெரிந்தது, மாதாவுக்கு யாரோ மல்லிகை போட்டிருக்கிறார்கள். பொனிப்பாஸ், நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? கேட்டுப் பார்க்கிறேன், பதில் வருகிறதா என்று. அவர் எதற்கும் நேராகப் பதில் சொல்கிற ஆளே கிடையாது. சவரம் செய்துகொண்டே, அப்போ உன் பேரைப் போட்டிருக்கலாமேட்டி என்பார். சரிதான். அதில் அன்பு மனைவி என்று என்னைத்தானே பெரிதாகப் போட்டுக்கொண்டேன், அவர் பேரைவிட அரை அங்குலம் பெரிய எழுத்தில், கல்வெட்டுக்காரனிடம் நின்று அளந்து சொன்னேன். புருஷனுக்காகக் கட்டினேனா, ஊர் என்னைப் பார்க்க வேண்டும் என்று கட்டினேனா? இரண்டுந்தான். பரவாயில்லை. நாளைக்கு இடித்தால் அவருக்கு ஒன்றும் குறையாது. குறைகிறது எனக்குத்தான், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

அறிவிப்பு. எல்லோரும் உட்காருகிறார்கள். வியாழன் அன்பியக் கூட்டம், சனிக்கிழமை கொடியேற்றத்துக்கான சாமான், கல்யாண ஓலை ஒன்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இரண்டாம் அறிக்கை. கை பெஞ்சு விளிம்பைப் பிடித்திருக்கிறது, விட மாட்டேன் என்கிறது. எழுந்திரு ஸ்கொலஸ்திகா. சாமி கடைசிக் காகிதத்தை எடுக்கிறார், அதை மட்டும் நிதானமாக விரிக்கிறார், தேவைக்கு மேல் நிதானமாக. "நம்ம கோயில் சம்பந்தமா ஒரு தீர்மானம். வாசிக்கிறதுக்கு முன்னால, யாருக்காவது ஏதாவது சொல்லணும்னு இருந்தா" என்று நிறுத்தினார். ஏரோணி திரும்பிப் பின்னால் பார்க்கிறான், யாருக்கு என்ன இருக்கப் போகிறது என்கிற முகம். நான் நிற்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, நிற்கிறேன்.

"சாமி, கோயில இடிக்க வேண்டாம்" என்றேன். குரல் என்னுடையதாகவே இருந்தது. "கெழக்கு மூலைக் கெபிய இடிங்க. அதுக்கு மேலதான் கூரைத் தண்ணி போற தூம்பு இருக்கு. கெபி கட்டும்போது அத அடச்சாச்சு. மேல இப்பவும் முழங்கையளவு தண்ணி கெடக்கு, வெள்ளிக்கெழம நானே கையவிட்டுப் பாத்தேன். படமும் எங்கிட்ட இருக்கு, யாரு வந்தாலும் காட்டுதேன். அடைக்கச் சொன்னது நாந்தான்." நாலு வாக்கியம் ஏழெட்டு ஆகிவிட்டது. ஏரோணி எழுந்துவிட்டான். "மைனி, என்ன பேசுதிய? அதில அண்ணன் பேரு எழுதியிருக்கு" என்றான். "எம் புருஷன் பேருதான் ஏரோணி. நான் எடுத்துக்கிடுதேன்." பின் பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு ஓடி வந்தது. சாமி கண்ணை மூடித் திறந்தார், காகிதத்தை இரண்டாக மடித்தார். இப்போதுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக, நேராக என்னைப் பார்த்தார். "இத இப்பந்தான் எல்லாருமாக் கேக்கோம். மொதல்ல அந்த அடைப்ப எடுத்துப் பாப்போம். எஞ்சினியரத் திரும்ப வரச் சொல்லுவோம். தீர்மானம் அதுக்கப்புறம்" என்றார். முடிந்தது. இவ்வளவுதானா, இதற்கா பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். உட்காரலாம் என்று குனிந்தேன்.

"அப்ப எந் தோள்ல விழுந்ததும் அதனாலதானா?" கித்தேரி சத்தம் போட்டுக் கேட்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஆமா" என்றேன், நானும் முன்னால் பார்த்துக்கொண்டே. "ஒனக்கு எப்பத் தெரியும்?" பொய் சொல்லலாம். வெள்ளிக்கிழமைதான் என்று சொல்லலாம், கையை விட்டுப் பார்த்தது அன்றைக்குத்தானே, பாதி உண்மை. சாமிக்கு மட்டும்தான் தெரியும், அவரால் மறுக்கவும் முடியாது. "பத்து நாளாத் தெரியும்." அவள் இடது கையால் தூளியைச் சரி செய்தாள். பிறகு, "பத்து நாளும் காலையில வந்து எனக்குத் தல சீவி விட்டியேட்டி" என்றாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிறபோது பேசுவாளே அந்தக் குரலில். அதை மட்டும் நான் நினைக்கவே இல்லை. காலையிலிருந்து கூரையை நினைத்தேன், கல்லை நினைத்தேன், செத்த சாமியை நினைத்தேன், உயிரோடு இருக்கிற சாமியை நினைத்தேன், அந்தச் சீப்பை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அவள் முதுகுப் பக்கம் உட்கார்ந்து, அவள் என் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் உட்கார்ந்து, பத்து நாளும் சிக்கெடுத்துப் பின்னல் போட்டேன், வலிக்குதாட்டி என்று கேட்டுக் கேட்டு. சாமி ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்துகிறார், எல்லோரும் எழுகிறார்கள். அவள் எழவில்லை. நானும் எழவில்லை. பெஞ்சில் அவள் பக்கமாக முழுக்கத் திரும்பி உட்கார்ந்தேன். "ஆமா கித்தேரி, தெரிஞ்சேதான் சீவிவிட்டேன்" என்று இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.